திருப்புளி எடுத்தவர்கள் காப்பாற்றிய கிட்டார்

பழைய எலக்ட்ரிக் கிட்டார் விற்கிற விளம்பரங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: ஒரிஜினல். ஒரிஜினல் பெயின்ட், ஒரிஜினல் பிக்கப், ஒரிஜினல் சால்டர், ஒரிஜினல் பெட்டி. கூடவே ‘எதையும் மாற்றவில்லை’ என்று ஒரு சத்தியப் பிரமாணம். அறுபது வருஷப் பழைய கருவியில் ஒரு திருகைக்கூட யாரும் திருப்பவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்பவர்களும் பயபக்தியோடு தலையாட்டுகிறார்கள். எனக்கு அதைப் படித்தால் ஒன்றுதான் தோன்றும். அறுபது வருஷமா இதை எடுத்து உருப்படியா வாசிக்க ஒரு ஆள்கூடவா கிடைக்கல?

உற்பத்தி நின்றுபோன கிட்டார் ஒன்று உங்கள் கையில் இருந்தால் அதை வந்தது வந்தபடியே காக்க வேண்டும் என்பது இன்று கிட்டத்தட்ட ஒரு மதக் கட்டளை. பிரிட்ஜை மாற்றினால் பாவம். பிக்கப்பை மாற்றினால் மகா பாவம். புதிதாகத் துளை போட்டால் நேராக நரகம். ‘இப்படிக் கெடுத்து வெச்சிருக்கியே’ என்று, அந்தக் கிட்டாரில் ஒரு பாட்டு வாசிக்கத் தெரியாதவர்கள்கூட உச்சுக் கொட்டுவார்கள். இந்தக் கட்டளை பொய் என்பதுதான் என் வாதம். நின்றுபோன மாடல்கள் இன்று உயிரோடு இருக்கின்றன என்றால், அதற்குக் காரணம் அவற்றைப் பெட்டிக்குள் வைத்துக் காத்தவர்கள் இல்லை. துளை போட்டவர்கள், ஒயரை வெட்டியவர்கள், வேறொரு கிட்டாரின் பாகத்தைக் கொண்டுவந்து பொருத்தியவர்கள். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர்.

1958இல் வந்தது அது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் இருந்த ஃபெண்டர் தொழிற்சாலை அதற்குள் டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று இரண்டு வெற்றிகளைப் பார்த்திருந்தது. லியோ ஃபெண்டரின் அடுத்த குறி ஜாஸ் வாசிப்பவர்கள். பெயரிலேயே வலை விரித்தார். உட்கார்ந்து மடியில் வைத்து வாசிக்கத் தோதாகக் கிட்டாரின் இடுப்பைக் கோணலாக்கினார்: மேல் வளைவும் கீழ் வளைவும் நேருக்கு நேர் நிற்காமல், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக விலகி நிற்கும். பிக்கப்கள் அகலமானவை, தட்டையானவை. மேல் கொம்பில் தனியாக ஒரு ஸ்விட்ச். அதைத் தள்ளினால் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் மட்டும் தனி வால்யூம், தனி டோனோடு இருண்ட, குழைவான குரலில் பேசும். தந்திகளைக் கட்டுகிற இடத்தில் ஒரு கைப்பிடி. மெல்ல அழுத்தினால் சுருதி நெளியும். ஒரு தந்தி அறுந்தாலும் மற்றவை சுருதி கலையாமல் இருக்க ஒரு பூட்டுப் பொத்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டரைவிட விலையும் அதிகம். யோசித்துச் செய்யப்பட்ட கருவிதான், சந்தேகமே இல்லை.

ஆனால் ஜாஸ்காரர்கள் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு உள்ளே குடைவான, பெரிய வயிறுள்ள கிட்டார்தான் கிட்டார். கலிஃபோர்னியாக் கடற்கரையில் சர்ஃப் இசை வாசித்த பையன்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1962இல் ஜாகுவார் என்று ஒரு தம்பியும் பிறந்தது. 1965இல் ஃபெண்டரை சிபிஎஸ் வாங்கியது. சர்ஃப் அலை ஓய்ந்தது. அறுபதுகளின் முடிவில் ராக் இசை கனமானபோது எல்லோர் கண்ணும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மேலும் கிப்ஸனின் லெஸ் பால் மேலும் போனது. 1975இல் ஜாகுவாரை நிறுத்தினார்கள். 1980இல் ஜாஸ்மாஸ்டரையும் நிறுத்தினார்கள். சந்தையின் தீர்ப்பு அதுதான்: தோற்ற மாடல், ஆளை விடு.

அது ஏன் தோற்றது என்பதற்குள் ஒரு சின்ன இயந்திரக் கதை இருக்கிறது. ‘ஒரிஜினல்’ என்ற சொல்லின் சாயம் முதலில் வெளுப்பது அங்கேதான்.

ஜாஸ்மாஸ்டரின் பிரிட்ஜ் இரண்டு கால்களில் நிற்கும், கைப்பிடியை அழுத்தும்போது முன்னும் பின்னும் ஆடும். தந்திகளைக் கட்டுகிற இடம் அதிலிருந்து வெகு தூரம் தள்ளி இருக்கிறது. அதனால் தந்தி பிரிட்ஜின் மேல் ஏறி இறங்குகிற சாய்வு ரொம்பக் குறைவு. சாய்வு குறைந்தால் கீழ்நோக்கிய அழுத்தமும் குறையும். 1958இன் தடித்த தந்திகளுக்கு அது போதும், அவற்றின் இழுவிசையே தந்தியைப் பள்ளத்தில் உட்காரவைத்துவிடும். அப்புறம் உலகம் மெல்லிய தந்திக்கு மாறியது. மெல்லிய தந்தியைப் போட்டு ஓங்கி அடித்தால் அது பள்ளத்தை விட்டுத் துள்ளிக் குதிக்கும். பிரிட்ஜ் கிர்ரென்று இரையும். ‘இந்த கிட்டாரே சரியில்லப்பா’ என்று பெயர் வாங்கியது இப்படித்தான்.

இப்போது சொல்லுங்கள். ‘எதையும் மாற்றவில்லை’ என்று விளம்பரம் செய்கிறவர் அதில் எந்தத் தந்தியைப் போட்டிருக்கிறார்? 1958இன் தடித்த தந்தியையா? பெரும்பாலும் இல்லை. அப்படியானால் கருவியின் பாதிச் சமன்பாடு ஏற்கெனவே மாறிவிட்டது. மீதிப் பாதியை மாற்றக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பது, இட்லி மாவில் தோசை சுட்டுவிட்டு ‘இட்லித் தட்டைத் தொடாதே’ என்று சொல்வதைப் போன்றது.

சரிசெய்ய வழிகள் உண்டு. கழுத்து உடம்போடு சேரும் குழியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்துக் கழுத்தைச் சற்றுச் சாய்க்கலாம். அப்போது பிரிட்ஜை உயர்த்த வேண்டிவரும், சாய்வு கூடும். ஆழமான ஒற்றைப் பள்ளம் உள்ள மஸ்டாங் பிரிட்ஜை எடுத்து மாட்டலாம். பிரிட்ஜுக்குப் பின்னால் தந்திகளை அமுக்கிப்பிடிக்க ஒரு கம்பியைப் பொருத்தலாம். கழுத்தடியில் தகடு வைக்கிற வேலையை ஃபெண்டர் தொழிற்சாலையே செய்துவந்தது. பழைய ஃபெண்டர் கிட்டார்களின் கழுத்தைக் கழற்றிப் பார்த்தால் அங்கே தொழிற்சாலைக்காரர்கள் செருகிய துண்டு பல சமயம் இருக்கும். செய்தவர்களே ‘இது அப்படியே சரியாக உட்காராது, கொஞ்சம் முட்டுக் கொடு’ என்று ஒப்புக்கொண்ட இடம் அது. பக்தர்கள் அதையும் ‘ஒரிஜினல் தகடு’ என்று விலை சொல்லி விற்பார்கள் என்பது வேறு விஷயம்.

நிறுத்தப்பட்ட பிறகு ஜாஸ்மாஸ்டர் எங்கே போனது? அமெரிக்காவின் அடகுக்கடைகளுக்கும் பழைய சாமான் கடைகளுக்கும். நிறுத்துவதற்கு முன்பே அதற்கு மதிப்பு இறங்கியிருந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கக் காசில்லாதவர்களின் கைக்கு அது வந்தது. நியூயார்க்கில் டெலிவிஷன் குழுவின் டாம் வெர்லைன் அதை வாசித்தார். 1977இல் எல்விஸ் காஸ்டெல்லோவின் முதல் ஆல்பத்தின் அட்டையில் கால்களை அகட்டி நிற்கிறவர் கையிலும் அதுதான். ஆனால் அந்தக் கிட்டாரை உண்மையில் மறுபடி பெற்றெடுத்தவர்கள் சோனிக் யூத் குழுவினர்.

தர்ஸ்டன் மூர், லீ ரனால்டோ இருவருக்கும் பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு சுருதி அமைப்பு தேவைப்பட்டது. மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே ஆறு தந்தியையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே சுருதிக்கு ஒன்றாகப் பல கிட்டார்கள் வேண்டும். பல கிட்டார்கள் வேண்டுமானால் அவை மலிவாக இருக்க வேண்டும். யாருக்கும் வேண்டாத ஜாஸ்மாஸ்டர் மலிவாக இருந்தது. வாங்கினார்கள். வாங்கிவிட்டுப் பூஜை அறையில் வைக்கவில்லை. மேல் கொம்பின் ஸ்விட்ச்சில் வேகமாக வாசிக்கும்போது கை பட்டு, பாட்டின் நடுவே ஒலி மங்கிவிடும். அந்தச் சுற்றையே பிடுங்கிப் போட்டார்கள். டோன் குமிழ் வேண்டாம், எடுத்தார்கள். ஒரே ஒரு வால்யூம் போதும். துள்ளுகிற பிரிட்ஜுக்குப் பதிலாக கிப்ஸன் பாணி பிரிட்ஜ். ரனால்டோ சில கிட்டார்களில் பிக்கப்களையே மாற்றி, ஃபெண்டரின் வேறு மாடல்களில் இருந்த பெரிய ஹம்பக்கர்களைப் பொருத்தினார். பிரிட்ஜுக்கும் தந்தி கட்டுமிடத்துக்கும் நடுவே வீணாய்க் கிடந்த நீளத்தை என்ன செய்தார்கள்? அங்கேயே தட்டி வாசித்தார்கள். மணி உடைந்ததைப் போன்ற அந்த ஒலி, லியோ ஃபெண்டரின் கனவில்கூட வந்திருக்காது.

வடிவமைத்தவரின் குறை என்று எல்லோரும் திட்டிய இடத்திலிருந்துதான் புது இசை கிளம்பியது. டைனோசர் ஜூனியரின் ஜே மாஸ்கிஸ், மை ப்ளடி வேலண்டைனின் கெவின் ஷீல்ட்ஸ் என்று அடுத்த வரிசையும் வந்தது. 1991இல் வந்த ‘லவ்லெஸ்’ ஆல்பத்தைக் கேளுங்கள். கைப்பிடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசித்தால் மொத்த ஒலியும் எப்படிக் கடல்போல் நெளிகிறது என்று தெரியும். ஜாஸ்காரர்களுக்காக வைத்த கைப்பிடி அது!

1999இல் சோனிக் யூத்தின் கிட்டார்கள் நிரம்பிய லாரி கலிஃபோர்னியாவில் திருடுபோனது. கடைக்குப் போய் அதே மாடலை வாங்கினால் இழப்பு ஈடாகியிருக்குமா? ஆகாது. வருஷக்கணக்கில் அவர்கள் வெட்டி ஒட்டி வளர்த்த கருவிகள் அவை. ஒவ்வொன்றும் ஒரே பிரதி. ஒன்றே ஒன்றுதான் இருக்கிற பொருளைத்தான் ‘ஒரிஜினல்’ என்று சொல்வோம் என்றால், உண்மையான ஒரிஜினல்கள் அந்த லாரியில் இருந்தவைதான்.

இனி நடந்ததுதான் பெரிய வேடிக்கை. 2007இல் ஃபெண்டர், ஜே மாஸ்கிஸ் பெயரில் ஒரு ஜாஸ்மாஸ்டரை வெளியிட்டது. 2009இல் மூர், ரனால்டோ இருவர் பெயரிலும் ஆளுக்கொன்று. பிடுங்கிப் போட்ட சுற்று இல்லாமல், ஒற்றை வால்யூமோடு, மாற்றிய பிரிட்ஜோடு. அதாவது இவர்கள் ‘கெடுத்ததை’ அப்படியே நகலெடுத்துத் தொழிற்சாலையில் செய்து விற்றார்கள். 2011இல் கர்ட் கோபேனின் 1965 ஜாகுவார். கோபேன் அதைப் பழைய கிட்டாராக வாங்கும்போதே அதற்கு முன் வைத்திருந்தவர் பிக்கப்களை மாற்றியிருந்தார், குமிழ் கூட்டியிருந்தார். அந்த மாற்றங்களையும் ஃபெண்டர் பிரதி எடுத்தது. அதோடு விட்டார்களா? கோபேன் கையில் பெயின்ட் தேய்ந்த இடங்களையும் தொழிற்சாலையிலேயே தேய்த்துக் கொடுத்தார்கள். நீ செய்தால் சேதம், கம்பெனி செய்தால் சிறப்புப் பதிப்பு!

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஜாஸ்மாஸ்டருக்கு இன்று இருக்கிற மதிப்பை உண்டாக்கியவர்கள் அதை மாற்றி வாசித்தவர்கள். அந்த மதிப்பை அறுவடை செய்கிறவர்கள், மாற்றாமல் கட்டிலுக்கு அடியில் போட்டுவைத்தவர்கள். பெயின்ட் மாற்றிய பழைய ஃபெண்டருக்குப் பாதி விலைதான் என்பது சந்தையின் வாய்மொழிக் கணக்கு. அந்தக் கணக்கின்படி, உழைத்த கிட்டாருக்கு அபராதம், தூங்கிய கிட்டாருக்குப் பரிசு. இன்று நியூயார்க்கில் காசில்லாத இரண்டு பேர் ஒரு குழு தொடங்கினால் அறுபதுகளின் ஜாஸ்மாஸ்டரை அவர்களால் தொடக்கூட முடியாது. எந்த மாதிரி ஆட்கள் அந்தக் கிட்டாரைக் காப்பாற்றினார்களோ, அந்த மாதிரி ஆட்களுக்கே அது எட்டாத பொருளாகிவிட்டது. என் கோபமெல்லாம் இதன்மேல்தான்.

எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தட்டிக்கழிக்க மாட்டேன். எல்லோரும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், 1958இல் அந்தத் தொழிற்சாலை எப்படி ஒயர் சுற்றியது, எப்படிப் பெயின்ட் அடித்தது என்று நாளை எப்படித் தெரியும்? உண்மைதான். ஒரு காலத்தின் கைவேலை அதில் இருக்கிறது. அதற்காகச் சில கருவிகளை அருங்காட்சியகத்தில் வையுங்கள், அளந்து வரையுங்கள், படமெடுத்துப் பதிவு செய்யுங்கள். ஆனால் ஆவணக் காப்பு என்பது ஒரு வேலை, முதலீட்டுக் காப்பு என்பது வேறு வேலை. வரலாற்றின் மேல் அக்கறை என்று பேசுகிற பலரும் அடுத்த மூச்சில் ‘போன வருஷத்தைவிட விலை எவ்வளவு ஏறியிருக்கு தெரியுமா’ என்பார்கள். வரலாறு ஷேர் மார்க்கெட்டில் லிஸ்ட் ஆகவில்லை, நண்பர்களே.

இன்னொன்று. உலகத்திலேயே அதிகம் வணங்கப்படும் மரக்கருவிகள் ஸ்ட்ராடிவாரி வயலின்கள். 1737இல் இறந்துபோன அந்த மனிதர் செய்தபடியே இன்று வாசிக்கப்படும் வயலின் அநேகமாக எதுவும் கிடையாது. பெரிய அரங்குகள் வந்தன, உரத்த ஒலி தேவைப்பட்டது. ஆகவே கழுத்தை நீட்டினார்கள், பின்னால் சாய்த்தார்கள், உள்ளே தாங்கும் கட்டையைப் பலப்படுத்தினார்கள். கோடிக்கணக்கில் விலைபோகும் அந்த வயலின்களை யாராவது ‘மாடிஃபைட்’ என்று ஒதுக்குகிறார்களா? மாற்றியதால்தான் அவை இன்னும் மேடையில் இருக்கின்றன.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. மெழுகு இளகும், மெட்டு தேயும், சுருதி விலகும். அப்போது மெழுகை எடுத்துவிட்டு, காதை வைத்து ஒவ்வொரு மெட்டையும் மறுபடி பதிக்கத் தெரிந்த கைவேலைக்காரரிடம் போகவேண்டும். திரும்பத் திரும்பப் பிரித்துச் செய்யப்படுவது அந்தக் கருவியின் இயல்பிலேயே இருக்கிறது. மேண்டலின் ஸ்ரீநிவாஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள். அந்த இரட்டைத் தந்திகளை வைத்துக்கொண்டு கமகம் பிடிப்பது பெரும்பாடு. அவர் எலக்ட்ரிக் மேண்டலினை எடுத்து, தந்திகளை ஒற்றையாக்கி, பிறகு ஐந்தாவது தந்தியும் சேர்த்தார். ‘மேண்டலினை ஒரிஜினலா வெச்சிருக்கணும்’ என்று அந்தப் பையனை யாராவது தடுத்து நிறுத்தியிருந்தால் கர்நாடக இசைக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்! அவ்வளவு ஏன், நம் வீட்டு அம்மியையே பாருங்கள். தேய்ந்தால் உளி வைத்துக் கொத்துவார்கள். தெருவில் ‘அம்மி கொத்தலையோ’ என்று குரல் வரும். கிட்டாரின் ஃப்ரெட்டும் அப்படித் தேய்கிற பொருள்தான். அதை மாற்றினால் மதிப்புப் போச்சு என்கிற ஆட்கள் அரைக்காத அம்மிக்கு மாலை போடுகிறவர்கள்.

என்னிடம் இருப்பது அறுபதுகளின் கிட்டார் கிடையாது, அதற்கெல்லாம் வசதியில்லை. ஜப்பானில் செய்த, இப்போது அந்த வடிவத்தில் வராத ஒரு ஜாஸ்மாஸ்டர். பழையதாகத்தான் வாங்கினேன். கழுத்தடியில் தகடு, வேறு பிரிட்ஜ், மேல் ஸ்விட்ச்சின் ஒயர் துண்டிப்பு என்று மூன்று வேலைகள் செய்திருக்கிறேன். எல்லாம் வீட்டு மேஜையில், திருப்புளியும் சால்டரிங் கம்பியும் வைத்து. ஒருமுறை பார்க்க வந்த ஒருவர், ‘மாத்தாம இருந்திருந்தா இன்னும் இருபதாயிரம் போட்டுக் குடுத்திருப்பேன்’ என்றார். விற்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை! ஒரு பொருளைப் பார்த்ததும் அது எப்படி ஒலிக்கும் என்ற கேள்விக்கு முன்னால் என்ன விலைக்குப் போகும் என்ற கேள்வி வருவதுதான் இந்த வியாதி. அந்த இருபதாயிரம் என்பது, நான் அதை எப்போதும் வாசிக்காமல் இருப்பதற்கான கூலி. எனக்கு வேண்டாம்.

இந்த வியாதி கிட்டாரோடு நிற்பதும் இல்லை. நம் தலைமுறை கையில் வைத்திருக்கிற பொருள்களில் பெரும்பாலானவை திறக்க முடியாதவை. போனைப் பிரித்தால் வாரண்டி போகும், பேட்டரியை மாற்றக்கூட சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்கவேண்டும். காசு கொடுத்து வாங்கினோம், ஆனால் உள்ளே பார்க்க அனுமதி இல்லை. இந்தப் பயம் பழகிப் பழகி, நான்கு திருகில் கழன்றுவிடும் ஒரு மரக்கட்டையின் முன்னாலும் கை நடுங்குகிறது. ஃபெண்டர் கிட்டாரின் தனிப் பெருமையே அதன் கழுத்து ஒட்டப்படாமல் திருகப்பட்டிருப்பது. பழுதானால் கழற்று, மாற்று, மறுபடி பூட்டு என்பதுதான் லியோ ஃபெண்டர் அந்தக் கட்டையில் எழுதிவைத்த கொள்கை. அவருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்றால் கழற்றுவதுதான் விசுவாசம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ரம்பத்தை எடுங்கள் என்று சொல்லவில்லை. மோசமான மாற்றங்களும் உண்டு. எவனோ செய்தான் என்பதற்காக நானும் செய்கிறேன் என்று ஒலிக்குச் சம்பந்தமே இல்லாமல் குடைந்து வைத்த உடம்புகளையும் பார்த்திருக்கிறேன். முதலில் மாதக்கணக்கில் வாசியுங்கள், எது தடுக்கிறது என்று உங்கள் கை சொல்லும். திருப்பிப் போடக்கூடிய மாற்றத்தை முதலில் செய்யுங்கள். கழற்றிய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். உள்ளே ஒயர் எப்படி ஓடியது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியில், அந்தத் துளை தேவைதான் என்று உங்கள் கை சொன்னால், நாளை வாங்கப்போகிற முகம் தெரியாத ஒருவருக்காக இன்று வாசிக்கிற உங்களை ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

இன்றும் ஏதோ ஒரு கம்பெனி ஏதோ ஒரு விசித்திரமான மாடலை ‘விற்கவில்லை’ என்று நிறுத்திக்கொண்டிருக்கும். ஸ்விட்ச் தப்பான இடத்தில் இருக்கும், பிரிட்ஜ் இரையும், பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். பழைய சாமான் விலைக்குக் கிடைக்கும். வாங்குங்கள். அதன் குறை எங்கே இருக்கிறதோ அங்கே காதை வையுங்கள். அப்புறம் திருப்புளியை எடுங்கள். இருபது வருஷம் கழித்துக் கம்பெனிக்காரர்களே வந்து உங்கள் துளையை அளந்துகொண்டு போனாலும் போவார்கள்.